வேண்டியதன் நிழல்

தேரிமங்கலத்தில் நிழல் எப்போதும் குறைவுதான். செம்மணல் மேடுகளான தேரியில் ஒரு வேம்பு வேர் பிடிப்பதற்குள் காற்று மணலைக் கிளப்பி அதை மூடிவிடும், உடைமரத்தின் நிழலோ சல்லடையில் சலித்ததுபோல் ஓட்டை ஓட்டையாக விழும், ஆகவே பங்குனி பிறந்தால் ஆடுகள் ஆட்களின் நிழலிலும் ஆட்கள் பஸ்ஸின் நிழலிலும் நிற்பார்கள், பஸ் கிளம்பிப் போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள், ஏறுவதற்கு அல்ல. அதனால்தான் பூவலிங்கத்தின் ஆங்கில வகுப்பில் உப்பளத்து மாரிக்கனி எழுந்து நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னதும் அவள் பக்கத்தில் தரையில் ஒரு வீட்டின் நிழல் வந்து விழுந்தபோது, வீடு எங்கே என்று எங்களில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இடம் பிடிக்கத்தான் ஓடினோம்.

வகுப்பு வந்த கதை சிறியது. ஊருக்கு மேற்கே ஆயிரம் ஏக்கரில் கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்து வைத்து வெயிலை மின்சாரமாக்குகிற கம்பெனி ஒன்று வந்தது. பலகை துடைக்கவும் காவலுக்கும் சமையலுக்கும் உள்ளூர் ஆட்களை எடுப்போம், ஆனால் வடக்கிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளிடம் நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேசத் தெரிய வேண்டும் என்றார்கள். ஊரில் அது தெரிந்தவர் பூவலிங்கம் ஒருவர்தான். இருபத்தைந்து வயதில் ஓமான் நாட்டுச் சலாலாவுக்குச் சரக்குக் கிட்டங்கி வேலைக்குப் போனவர், அங்கேயே ஒரு கல்யாணம் செய்து, அந்த அம்மாளை நோய்க்குக் கொடுத்து, பிள்ளைகள் இல்லாமல், மூக்குக்கண்ணாடியும் லேசான கூனலுமாக நாற்பத்தொன்பதாவது வயதில் திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த தகப்பனார் வீட்டைத் திறந்து அதில் தனியாக இருந்தார். புயலில் கூரை பறந்துபோய் நாலு சுவர் மட்டும் நிற்கிற பழைய உப்புக் கிட்டங்கிக்குள் சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு. வீட்டிலிருந்து ஒரு இரும்பு மடக்கு நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார், அதில் உட்கார்ந்து பாடம் நடத்துவார், முடிந்ததும் மடக்கித் தூக்கிக்கொண்டு போவார். நாற்காலியின் முதுகில் சிவப்புப் பெயிண்டில் 'உ' என்று எழுதியிருக்கும். வெளியூர்க்காரர்கள் பிள்ளையார் சுழி என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது யாருடைய எழுத்தென்று தெரியும்.

மூன்றாவது வாரம் அவர் 'ஐ வாண்ட்' பாடத்தை எடுத்தார். எங்கள் ஊருக்கு அதைவிடக் கஷ்டமான பாடம் இருக்க முடியாது. தேரிமங்கலத்தில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் தடவை கேட்டால்தான் கையை நீட்ட வேண்டும். முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவனைப் பறக்காவெட்டி என்று அவன் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். காப்பிக்கும் இதுதான், பந்தியில் இரண்டாம் சோற்றுக்கும் இதுதான், வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னாலும் இதுதான். கேட்கிறவர் எப்படியும் மூன்று தடவை கேட்பார் என்ற நம்பிக்கையில் நாங்கள் பசியை அடக்கி உட்கார்ந்திருப்போம். அவர் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பசியோடேயே எழுந்து வீட்டுக்குப் போவோம்.

"கூச்சப்படாதீங்க, இதுல ஒருவாட்டி சொன்னாப் போதும்" என்றார் பூவலிங்கம்.

"ஒருவாட்டியா சார்? அவுக என்ன நெனப்பாக?" என்றாள் மாரிக்கனி.

"ஒண்ணும் நெனக்க மாட்டாங்க."

"ஒண்ணுமே நெனக்க மாட்டாகளா!" என்று அவள் ஆச்சரியப்பட்டதுதான் அந்தச் சாயங்காலத்தின் ஒரே ஆச்சரியம். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஐ வாண்ட் ஒன் ஹவுஸ்" என்றாள். தமிழில் கூசிய வாய் இதில் கூசவில்லை. அந்த மொழியில் கூசிப்போவதற்கு எங்களுக்கு மாமனும் மச்சானும் யாரும் இல்லை.

வீட்டின் நிழல் நல்ல நிழல். சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கிணற்றடிபோல் குளிர்ந்தும், சன்னல் இருக்க வேண்டிய இடங்களில் சதுரம் சதுரமாக வெயில் விழுந்தும் கிடந்தது. அதன் மேல்பாதியை வெகுநேரம் பார்த்துவிட்டு மாரிக்கனி, "மாடி இருக்கே! மாடி வேணும்னு நான் நெனக்கவே இல்லையே" என்றாள்.

"நெனச்சிருக்க மதினி, மாடிப்படி தெரியுது பாரு" என்றான் கொத்தனார் அய்யாத்துரை. அடுத்து அவனே எழுந்து, "ஐ வாண்ட் கம்பெனி ஜாப்" என்றான். அவன் காலடியில் ஒரு குதிரையின் நிழல் விழுந்து வாலை ஆட்டியது. "ஏல, நீ கழுதையில ஏறுனாலே கீழ விழுவியே" என்று மொத்த வகுப்பும் சிரித்தது. அவனும் சிரித்தான், ஆனால் போகும்போது குதிரையின் கழுத்து விழுந்த இடத்து மண்ணை யாரும் பார்க்காதபோது ஒருதரம் தடவிக்கொடுத்தான். அவன் பெண்டாட்டி கேஸ் அடுப்பு வேண்டும் என்றாள். கதவு திறந்த ஒரு முழு பஸ்ஸின் நிழல் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூன்று நாள் அவன் அவளிடம் பேசவில்லை. நாலாம் நாள், "எந்த ஊருக்குப் போற பஸ்ஸுட்டி அது?" என்று கேட்டான். "தெரியல. சும்மா ஏறி சன்னல் பக்கம் உக்காரணும், அவ்வளவுதான்" என்றாள்.

இப்படியாக நாங்கள் தெரிந்துகொண்டோம்: வாய் எதைச் சொன்னாலும் நிழல் உள்ளே கிடந்ததைத்தான் காட்டும்; சொன்னவர் போகிற இடமெல்லாம் கூடவே வரும்; வேண்டியது கையில் கிடைத்துவிட்டால் தானே கரைந்துபோகும். தமிழில் சொல்லிப் பார்த்தோம், விழவில்லை. கம்பெனி அதிகாரிகள் நாள் முழுக்க அந்த வாக்கியத்தைத்தான் சொன்னார்கள், அவர்களுக்கும் விழவில்லை, முதல் தடவையே எல்லாம் கிடைத்துப் பழகியவர்களாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டோம். இரண்டு வாரத்தில் ஊருக்கு இது பழகிவிட்டது. அடுத்தவர் வேண்டியதை மிதித்து நடக்கக் கூடாது, அனுமதி கேட்டு அதில் உட்காரலாம். வீட்டு நிழல் பக்கத்துக் களத்து மிளகாய் வற்றலில் விழுந்தால் மாரிக்கனிதான் தள்ளி நிற்க வேண்டும், களத்துக்காரர் அல்ல. பிள்ளைகள் பஸ் நிழலுக்குள் வரிசையாக உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பலகை துடைக்கிற வேலை கிடைத்த அய்யாத்துரையின் குதிரை நிழல் கண்ணாடிகள்மேல் விழுந்து மின்சாரம் குறைகிறது என்று அதிகாரிகள் குறைப்பட்டு, குதிரையையும் அவனையும் சமையல்கட்டுக்கு மாற்றினார்கள்.

மாரிக்கனியின் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தை வீட்டு நிழலிலேயே வைத்து முடித்த மறுநாள்தான் உலகம்மாள் வகுப்புக்கு வந்தாள்.

உலகம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தலும் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்குக் கொடுக்கிற கடை அவளுடையது. அவள் அப்பா அவள் பெயரில் தொடங்கியது, அவருக்குப் பிறகு அவள் ஒருத்தியாக நடத்துவது. ஊரில் எல்லாரையும் உட்காரவைத்தவள், வீட்டில் அடுக்கி வைத்த நூற்று நாற்பத்தொன்பது நாற்காலிகளுக்கு நடுவே பாய் விரித்துத் தனியாகச் சாப்பிடுவாள். மாப்பிள்ளைகள் வந்தபோது வேண்டாம் என்றாள், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றாள், மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றாள். மூன்றாவது வேண்டாம் என்ற ஒன்றை எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டதே இல்லை, ஆகவே எல்லாரும் பயந்து விட்டுவிட்டார்கள்.

காரணம் எங்களுக்குத் தெரியும், பந்தல் பிரித்தவர்கள் கேட்டுச் சொன்னது. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், பூவலிங்கத்தின் தங்கை கல்யாணம் முடிந்த மறுநாள், அவர் சலாலாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், உலகம்மாள் நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கடைசி நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் நின்று, "நானும் வரட்டா?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார், ஊர் வழக்கப்படி, காப்பிக்குச் சொல்வதுபோல, இரண்டாவது தடவைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த ஒரு நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இப்போது அவள் கிட்டங்கி வாசலில் நின்று, "உங்க வகுப்பால என் பந்தலை ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காக" என்றாள்.

பூவலிங்கம் எழுந்து நின்றார். "உட்காருங்க" என்றார்.

"வேண்டாம்."

"உட்காருங்க."

"வேண்டாம். சண்டை போட வந்திருக்கேன்."

"உட்கார்ந்து போடுங்க."

அவள் உட்கார்ந்தாள், 'உ' எழுதிய அந்த நாற்காலியில் அல்ல, மாரிக்கனி பக்கத்தில் தரையில். மறுநாளும் வந்தாள். சண்டை போட வந்தவள் எதற்கு மறுநாளும் வருகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வராமல் போய்விடுவாள் என்று எங்களுக்குப் பயம். பத்து நாள் கழித்து அவள் முறை வந்தது. எழுந்து நின்று, பூவலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல், நாற்காலியைக் கையால் காட்டி, "ஐ வாண்ட் மை சேர்" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். பிறகு நிழல் விழுந்தது, சிரிப்பை நிறுத்தினோம். நாற்காலியின் நிழல்தான், ஆனால் அது காலியாக இல்லை. அதில் ஒருவர் கொஞ்சம் கூனி உட்கார்ந்திருந்தார், காதோரம் மூக்குக்கண்ணாடியின் காம்பு மெல்லிய கோடாக மணலில் தெரிந்தது. தரையில் இருந்த அந்த மனிதரும் தரைக்கு மேலே இருந்த அந்த மனிதரும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நாளைக்கு 'ஐ ஹேவ்'" என்று சொல்லிப் பூவலிங்கம் அன்று அரைமணி முன்னதாகவே வகுப்பை முடித்தார்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரே வேலைதான். டீக்கடையில், பஸ் நிழலில், குழாயடியில், சார் எப்போது சொல்வார் என்பதே பேச்சு. இத்தனை பேரைச் சொல்லவைத்தவர் இதுவரை ஒரு தடவைகூடத் தனக்கென்று அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். கரும்பலகையில் எழுதுவார், எங்களைச் சொல்லச் சொல்வார், திருத்துவார். அவர் நிழல் எப்போதும் அவர் நிழல் மட்டும்தான், ஒல்லியாக, கூடவே வந்து கூடவே போகும். உலகம்மாள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நிழலோடு கடைக்குப் போனாள், அண்டாக்களைத் துலக்கினாள், சாப்பிடும்போது இலையை அதன் மேல் படாமல் தள்ளிப் போட்டாள்.

பூவலிங்கத்துக்குப் பயம் வந்ததோ என்னவோ, தகப்பனார் வீட்டை விலை பேசி முடித்தார். கோயம்புத்தூரில் தங்கை மகன் ஒரு அறை தருகிறானாம், வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் போகிறாராம். கம்பெனி ஆள் எடுத்து முடித்திருந்தது, வகுப்பும் வியாழக்கிழமையோடு முடிந்தது.

கடைசி வகுப்பில் மாரிக்கனிதான் எழுந்தாள். "சார், நீங்க சொல்லுங்க."

"நான் எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."

"சொல்லுங்க சார்" என்றான் அய்யாத்துரை.

"வேண்டாம்ப்பா."

"சொல்லுங்க சார்" என்று மூன்றாவதாக எல்லாரும் சேர்ந்து சொன்னோம். மூன்று தடவை கேட்டாகிவிட்டது, இனி மறுப்பதற்கு எங்கள் ஊரில் வழி கிடையாது. பூவலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார். மேற்கே சரிந்த வெயில் சுவரின் இடிந்த பக்கமாக உள்ளே நேராக வந்துகொண்டிருந்தது. "ஐ வாண்ட்" என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை, ஆனால் அதற்குமேல் தேவையும் இருக்கவில்லை.

ஒரு பெண்ணின் நிழல். நிமிர்ந்த உடம்பு, முழங்கை மடங்கிய இடத்தில் ஒரு மடக்கு நாற்காலி, பின்னால் இடுப்பு வரைக்கும் தொங்கி லேசாக ஆடுகிற சடை. இப்போதுதான் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதுபோல் தலை சற்றுச் சாய்ந்திருந்தது.

நாங்கள் உலகம்மாளைப் பார்த்தோம். அவள் எழுந்து அந்த நிழலின் பக்கத்தில் போய் நின்றாள். தன் நிழலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்: இடுப்பு பருத்த, தோள் இறங்கிய, எலுமிச்சம்பழம் அளவு கொண்டை போட்ட நிழல். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நான் இல்ல" என்றாள். "அவளுக்குச் சடை இருக்கு."

அவள் வேண்டியது கூனல் விழுந்து கண்ணாடி போட்டு இன்றைக்கு எதிரே நிற்கிற மனிதரை. அவர் வேண்டியதோ பந்தல் பிரித்த அன்றோடு போய்விட்ட ஒருத்தியை. இதற்கு என்ன சொல்வது என்று எந்தப் பாடத்திலும் அவர் சொல்லித் தந்திருக்கவில்லை. உலகம்மாள் வெளியே போனாள், அவள் நிழலும், அவள் வேண்டியதன் நிழலும், ஒன்று நடந்தும் ஒன்று உட்கார்ந்தபடியும் அவளுடன் போயின.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே நாங்கள் பஸ் நிற்கும் இடத்தில் கூடிவிட்டோம், மாரிக்கனி வீட்டு நிழலில் எல்லாருக்கும் இடம் இருந்தது. பூவலிங்கம் ஒரு பெட்டியும் அந்த நாற்காலியுமாக வந்தார். பின்னாலேயே சடையோடு அந்த நிழல். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது உலகம்மாளின் சரக்கு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் இரண்டு நாற்காலிகள் மட்டும் இருந்தன. இறங்கி வந்தாள்.

"உங்க நாற்காலி" என்று அவர் நீட்டினார்.

"வேண்டாம்."

"எடுத்துக்கோங்க."

"வேண்டாம்."

"எடுத்துக்கோ உலகு."

வாங்கிக்கொண்டாள். முதுகில் இருந்த எழுத்தை முந்தானையால் துடைத்தாள். "அன்னைக்கு நான் ஒருவாட்டிதான் கேட்டேன்" என்றாள்.

"நான் ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்."

"தெரியும். தெருமுக்குல நின்னு பாத்தேன். விளக்கு வைக்கிற வரைக்கும் நீங்க எந்திரிக்கல."

"அப்ப ஏன் கேக்கல?"

"ஒருவாட்டி கேக்கதுக்கே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சுய்யா" என்றாள் உலகம்மாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப ரெண்டாவது கேக்கேன். இருக்கீங்களா?"

நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். இரண்டாவது கேள்விக்கும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை, அது எங்கள் நாக்கில் பால்குடி காலத்திலிருந்து ஊறியது. ஆனால் இரண்டாவது கேட்க அவளுக்கு இருபத்துநாலு வருஷம் ஆகியிருக்கிறது, மூன்றாவது கேட்க இன்னும் எத்தனை ஆகும், அதற்கு யார் இருப்பார்கள். பூவலிங்கம் வாயைத் திறந்தார். மூடினார். அப்போது பஸ் வந்து இருவருக்கும் பக்கத்தில் நின்றது.

கண்டக்டர் வெளியூர்க்காரர். படியில் தொங்கியபடி, "ஏறுங்க சார்" என்றார்.

"வேண்டாம்" என்றார் பூவலிங்கம்.

வெளியூர்க்காரர் ஒரு தடவைக்குமேல் கேட்கவில்லை. இரண்டு விசில் கொடுத்தார், பஸ் போய்விட்டது.

அது கொண்டுபோன நிழல் இருந்த இடத்தில் வெயில் வந்து விழுந்தது. உலகம்மாள் 'உ' எழுதிய நாற்காலியை விரித்துப் போட்டாள், பூவலிங்கம் அதில் உட்கார்ந்தார், அந்தக் கணத்தில் அவள் பக்கத்தில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த நிழல் நகர்ந்து போய் அவருடையதற்குள் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அது தனியாகத் தெரியவில்லை. வண்டியிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து விரித்து உலகம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆனால் அந்தப் பெண்ணின் நிழல் போகவில்லை. சற்றுத் தள்ளி, சடை ஆட, தலை சாய்த்து, பதிலுக்கு நின்றுகொண்டே இருந்தது. பூவலிங்கம் அதைப் பார்த்துவிட்டு, தப்பு செய்தவர்போல், "அவ போகமாட்டா போல" என்றார்.

"நிக்கட்டும். அவளும் நம்ம ஊருதானே" என்றாள் உலகம்மாள். எழுந்துபோய் வண்டியிலிருந்து மூன்றாவது நாற்காலியை எடுத்து வந்து விரித்து, தூசி தட்டி, நிழல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டாள். "எந்தக் காலத்துல இருந்து நிக்கா, கால் வலிக்கும்லா. உக்காரு தாயி."

நிழல் அசையவில்லை.

"உக்காரு."

அசையவில்லை.

"உக்காருட்டி" என்றாள் உலகம்மாள் மூன்றாவதாக, மெதுவாக. அந்தப் பெண் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.